களக்காடு–முண்டந்துறையைக் காப்பது எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம், மணிமுத்தாறு, தலையணை, திருக்குறுங்குடி என்று நமது திருநெல்வேலி மாவட்டத்து மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் எந்த வனச் சோதனைச் சாவடியில் நின்றாலும் தினம் ஒரு வாக்குவாதம் கேட்கும். "எங்கள் தாத்தா காலத்திலிருந்து போய் வருகிற மலைக்கு இவர்கள் யார் டிக்கெட் போட?" என்பதில் தொடங்கி, "அணை கட்டலாம், அருவியில் குளிக்கக் கூடாதா?" என்பது வரை போகும். கோபத்தில் கேட்டாலும் பல கேள்விகள் நியாயமானவை. பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது. அது எங்கே என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

களக்காடு–முண்டந்துறை ஒரு தேசியப் பூங்காவா?

இல்லை. பலரும் அப்படிச் சொல்கிறார்கள். சில பயண விளம்பரங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. சட்டப்படி இவை இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள். முண்டந்துறை 1962-இல் புலிகளுக்காக அறிவிக்கப்பட்டது. களக்காடு 1976-இல் சிங்கவால் குரங்குக்காக அறிவிக்கப்பட்டது. 1988-இல் இரண்டையும் இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான், நாட்டில் பதினேழாவது. கன்னியாகுமரி மாவட்டத்தின் சில காப்புக்காடுகள் பிற்பாடு சேர்ந்தன. மையப் பகுதி மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள வெளிமண்டலத்தையும் சேர்த்தால் 1,600-ஐத் தாண்டும்.

தேசியப் பூங்கா பார்க்க வேண்டும் என்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது கடலில்தான். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன.

பெயரில் என்ன இருக்கிறது? எல்லாம் காடுதானே?

சட்டத்தில் நிறைய இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக நடத்துகிறது. தேசியப் பூங்கா என்று இறுதியாக அறிவிப்பதற்கு முன் அந்த நிலத்தின் மீது தனியாருக்கு இருந்த உரிமைகளையெல்லாம் தீர்த்து அரசிடம் சேர்த்துவிட வேண்டும். அதன் பிறகு உள்ளே ஒரு மாடுகூட மேயக் கூடாது. சரணாலயத்தில் இவ்வளவு இறுக்கம் இல்லை. பழைய உரிமைகள் சிலவற்றை மாவட்ட ஆட்சியர், தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து, தொடர அனுமதிக்கலாம். மேய்ச்சலை முறைப்படுத்தும் அதிகாரமும் சட்டப்படி காப்பாளரிடம் இருக்கிறது; இதில் நீதிமன்றம் பின்னர் சொன்னது கீழே வருகிறது.

சொரிமுத்து அய்யனார் கோவிலும் திருக்குறுங்குடி மலை நம்பி கோவிலும் இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களின் குடியிருப்புகளும் இன்றும் மலைக்குள் இருக்கின்றன. இவ்வளவு பேருடைய பழைய உறவு உள்ள மலைக்குச் சரணாலயம் என்ற ஏற்பாடுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். கடுமையான சட்டம் எல்லா இடத்துக்கும் நல்ல சட்டம் ஆகிவிடாது.

ஒரு காட்டை எதற்காகக் காக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அரசு அறிவிக்கிறது, ஆனால் காரணம் சொல்லித்தான் அறிவிக்க முடியும். அந்த இடத்தின் விலங்குகள், தாவரங்கள், நில அமைப்பு, சூழல் ஆகியவற்றின் முக்கியத்துவத்தைக் கொண்டு, "வனவிலங்குகளையும் அவற்றின் சூழலையும் காப்பதற்கு, பெருக்குவதற்கு" என்பதே சட்டம் சொல்லும் நோக்கம். சுற்றுலா அந்த நோக்கத்தில் இல்லை. யாரெல்லாம் அனுமதி பெற்று உள்ளே வரலாம் என்ற பட்டியலில்தான் ஆய்வுக்கும் படம் எடுப்பதற்கும் அடுத்ததாகச் சுற்றுலா வருகிறது. சாவடியில் நடக்கும் சண்டைகளில் பாதி இது தெரியாததால் வருபவை.

அமெரிக்காவின் கதை வேறு. 1872-இல் எல்லோஸ்டோனை உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோதே "மக்களின் பயனுக்கும் இன்பத்துக்கும்" என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் குப்பைமேட்டில் கரடி தின்பதைக்கூட அங்கே வேடிக்கையாக உட்கார்ந்து பார்த்தார்கள். தொல்லை தரும் விலங்கு என்று ஓநாய்களைக் கொன்று 1920-களில் அடியோடு ஒழித்தார்கள். பிறகு நோக்கத்தைத் திருத்திப் படித்து, 1995-இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. எழுதிவைத்த நோக்கம் தெளிவில்லாமல் இருந்தால் அதிகாரிகள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பயனில்லை.

புலிகள் காப்பகம் என்றால் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 2006-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு காப்பகத்துக்கும் புலிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஓர் ஆவணம் எழுதப்பட வேண்டும். மையப் பகுதி எது, வெளிமண்டலம் எது, எங்கே என்ன செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளிமண்டலத்தின் எல்லையைக் கிராம சபைகளைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நமது கிராம சபைக் கூட்டங்களில் இதைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் நமது மலையின் நோக்கம் புலிதானா?

பெயர்ப்பலகையில் புலி. ஆனால் இந்த மலையில் காக்கப்படும் பெரிய சொத்து தண்ணீர் என்பேன். தாமிரபரணி, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, பச்சையாறு, நம்பியாறு, கன்னியாகுமரிப் பக்கம் கோதையாறு என்று ஆறுகள் பிறக்கும் மலைத்தொடர் இது. வனத்துறையே இதை ஆறுகளின் சரணாலயம் என்று சொல்லிக்கொள்கிறது.

கீழே தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்கள் வழியாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, இந்த மாநிலத்துக்குள்ளேயே புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு இது. காவிரிக்காரர்களைப் போல நாம் மேலே இருக்கும் இன்னொரு மாநிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நமது ஆற்றின் தலை நமது கையிலேயே இருக்கிறது. அதனாலேயே பழியை வேறு யார் மீதும் போட முடியாது.

காடு எப்படித் தண்ணீர் தருகிறது? அடிவாரத்தில் முள்காடு; முண்டந்துறை மேட்டில் இலையுதிர் காடு; அதற்கும் மேலே செங்கல்தேரி, காக்காச்சி, மேல் கோதையாறு பக்கம் வெயில் தரையில் விழாத பசுமைமாறாக் காடு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இந்த மலைக்குக் கிடைக்கிறது. மழைக்காலச் செய்திகளில் ஊத்து, நாலுமுக்கு என்ற இந்த மலையின் ஊர்ப் பெயர்கள் முதல் வரிசையில் வருவதை எல்லோரும் கேட்டிருப்போம். கொட்டும் மழையை இலைகள் உடைக்கின்றன. சருகும் வேர்களும் நிறைந்த மண் அதைக் குடித்து மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகிறது. மேல்காட்டு ஓடைகளில் சித்திரை வெயிலிலும் ஈரம் இருப்பதற்குக் காரணம் இதுதான். மரமும் மண்ணும் போனால் அதே மழை இரண்டு நாளில் வெள்ளமாக இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அணை வண்டலால் நிரம்பும். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் நாற்று விடுகிற ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பசுமைமாறாக் காட்டைக் கட்டிக் காப்பதில் சிங்கவால் குரங்குக்கும் பங்குண்டு. அதிகம் தரைக்கு இறங்காமல் கிளைவிட்டுக் கிளை போகிற விலங்கு. பழங்கள் கிடைக்காத காலத்தில் வெடிப்பலாவின் பூக்கள் அதற்கு உணவு; அப்படித் தின்ன வரும் விலங்குகளே அந்த மரத்தின் மகரந்தத்தையும் கடத்துகின்றன. காட்டுக்குள் ஒரு சாலையை அகலப்படுத்தினால் நமக்கு அது வெறும் சாலை. மேலே கிளை தொடாமல் போனால் அந்தக் குரங்குக் கூட்டத்துக்கு அது எல்லைச் சுவர். "மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டச் சாலையைச் செப்பனிடுங்கள், ஆனால் அகலப்படுத்தாதீர்கள்" என்று சிலர் சொல்வதன் பொருள் இதுதான்.

இங்கே புலிகளே அதிகம் இல்லையாமே? பிறகு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

முதுமலை, சத்தியமங்கலத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதில் அதிசயமும் இல்லை. புலிக்கு மானும் மிளாவும் காட்டெருமையும் வேண்டும். அவற்றுக்குப் புல் வேண்டும். அடர்ந்த பசுமைமாறாக் காட்டின் தரையில் புல் ஏது? எனவே இயற்கையாகவே இங்கே புலி அடர்த்தி குறைவு. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதே இலக்கு என்று வைத்துக்கொண்டால் யாராவது மேல்காட்டைத் திறந்து புல்வெளி ஆக்கலாம் என்று யோசனை சொல்லக்கூடும். அது ஆற்றின் தலையில் கை வைப்பதாகும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்பு முடிவை மட்டும் பார்த்து இந்தக் காப்பகத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது.

அணையும் மின்நிலையமும் உள்ளே இருக்கலாம், நான் அருவியில் குளித்தால் மட்டும் குற்றமா?

குற்றம் இல்லை. அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, களக்காடு தலையணை ஆகிய இடங்களுக்குக் கட்டணம் கட்டிப் போகலாம். வெள்ளம் வந்தாலும், புலிக் கணக்கெடுப்பு நடந்தாலும், தீ அபாயம் இருந்தாலும் மூடுவார்கள்.

அணை பற்றிய கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாபநாசம் மின்நிலையம் சுதந்திரத்துக்கும் முந்தியது. மணிமுத்தாறு அணை 1950-களில் கட்டப்பட்டது. சரணாலயம் பிறகு வந்தது. முதலில் வந்ததைப் பிடுங்கி எறிய முடியாது என்பதால் சமரசத்தோடு நடக்கிறது. அதற்காக "ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று வந்தால் என்ன" என்று கேட்பது சரியல்ல. இன்றைய சட்டப்படி சரணாலயத்தின் நீரோட்டத்தைத் திருப்புவதாக இருந்தால் அது வனவிலங்குகளின் நன்மைக்குத்தான் என்று காட்ட வேண்டும். பழையதைச் சகித்துக்கொள்வதும் புதியதை மறுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

சுற்றுலாவுக்கு வரம்பு உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவைச் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. அதன் பிறகு வந்த வழிகாட்டு நெறிகள் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்கின்றன. "அந்த அருவிக்கும் விடுங்கள், இந்த அருவிக்கும் விடுங்கள்" என்ற கோரிக்கைக்கு இதுதான் பதில்.

சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகக் கட்டுப்பாடு போடுவது பக்தியில் தலையிடுவதாகாதா?

கேள்விகளிலேயே கடினமானது இது. காரையாற்றுக் கரையில் அய்யனாரும் பட்டவராயரும் சங்கிலி பூதத்தாரும் இருக்கும் அந்தக் கோவிலைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் தென் மாவட்டங்கள் முழுவதும் இருக்கின்றன. கோவில் சரணாலயத்தைவிட மிக மூத்தது. போகும் உரிமையை யாரும் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது.

பிரச்சினை ஆடி அமாவாசைதான். முன்பெல்லாம் மாட்டு வண்டி கட்டி, நடந்து, வந்து சேர்கிறவர்களே வந்தார்கள். சாலையும் பஸ்ஸும் வேனும் வந்தபின் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். பொங்கல், கிடா வெட்டு, மொட்டை எல்லாம் அங்கேயே. அத்தனை பேருக்கும் விறகு எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? அந்த ஆற்றில்தான் போகும். கீழே அம்பாசமுத்திரத்துக்காரர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். மீந்த சோற்றையும் நெகிழிப் பையையும் மிளாவும் குரங்கும் கிளறித் தின்னும்.

எனவே தனியார் வாகனங்களை அடிவாரத்தில் நிறுத்தி அரசுப் பஸ்ஸில் அழைத்துச் செல்வதும், தங்கும் நாட்களைக் குறைப்பதும், நெகிழியைச் சாவடியிலேயே வாங்கி வைப்பதும் நடைமுறைக்கு வந்தன. இவற்றில் எதுவும் சாமியைக் கும்பிடுவதைத் தடுக்கவில்லை. ஆனால் செய்யும் விதத்தில் குறை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெண்ணை மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்திவிட்டு, அதிகாரியின் கார் மட்டும் உள்ளே போனால் யாருக்கும் காட்டின் மீது அன்பு வராது. விதியை அதன் காரணத்தோடு சொன்னால் நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். பிள்ளைக்கு முதல் முடி இறக்க வந்த குடும்பத்திடம் "இந்தத் தண்ணீர்தான் அய்யா உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது" என்று ஒரு காவலர் பொறுமையாகச் சொன்னால் அபராதத்தைவிட அது வேலை செய்யும்.

பரிகாரம் என்று பாபநாசத்தில் ஆற்றில் துணியை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் சரணாலய எல்லைக்கு வெளியே நடப்பது. வனத்துறையின் பொறுப்பு அல்ல. ஆனால் ஆற்றுக்கு எல்லைக் கல் தெரியாது.

காணி மக்களை வெளியேற்றப் போகிறார்களா?

அவர்கள் விரும்பாமல் வெளியேற்ற முடியாது. சட்டம் தெளிவாக இருக்கிறது: தகவல் முழுவதையும் தெரிவித்து, கிராம சபையின் சம்மதத்தைப் பெற்று, உரிமைகளை முதலில் அங்கீகரித்த பிறகே இடமாற்றம் பற்றிப் பேசலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் புலிகள் காப்பகத்துக்குள்ளும் செல்லும். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி குடியிருப்புக்காரர்களுக்கு அந்தக் காட்டில் தெரியாத தடம் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்களாக அவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் தற்காலிகக் கூலியில் என்பதுதான் உறுத்துகிறது.

ஆடு மாடு மேய்ந்தால் காடு அழிந்துவிடுமா?

நாலு மாடு மேய்ந்தால் அழியாது. ஆனால் மேய்ச்சலோடு சேர்ந்து தீ வருகிறது. கோடையில் காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மழைக்குப் பின் இளம்புல் முளைக்கும் என்று வைக்கும் தீ, அடிவாரத்தில் நிற்காமல் மேலே ஏறும். ஒவ்வோர் ஆண்டும் எரிந்த இடத்தில் மரக்கன்று பிழைக்காது. முரட்டுப் புல்லும் உண்ணிச்செடியுமே மிஞ்சும். மான்கூட அதைத் தொடாது. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், உண்ணிச்செடியைப் பிடுங்குவதும் காப்பகத்தின் வழக்கமான வேலைகள். 2022-இல் மேய்ச்சல் குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் தடை என்று சொல்லி, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது.

வெறும் தடையால் இது தீராது. 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியுடன் அடிவாரக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. வனக்குழுக்கள் அமைத்து, கடன் கொடுத்து, மாற்றுத் தொழிலும் மாற்று எரிபொருளும் ஏற்படுத்தினார்கள். விறகுத் தலைச்சுமை குறைந்ததற்கு அதுவும் பின்னர் வந்த காஸ் சிலிண்டரும் காரணம். சாவடியில் நிற்கும் துப்பாக்கியைவிட வீட்டு அடுப்பு மாறியது அதிக மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மாஞ்சோலை என்ன ஆகும்?

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் நிலம் 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் போனது.

காப்பகத்தின் நோக்கப்படி பார்த்தால் மழைக்காட்டின் நடுவிலிருக்கும் அந்தத் தேயிலை நிலம் காடாகத் திரும்புவதே சரி. ஆனால் தேயிலைச் செடியைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் அது காடாகாது; அதுவே மரமாக வளர்ந்து நிற்கும். உள்ளூர் மர வகைகள் திரும்ப வருவதற்குப் பல பத்தாண்டு உழைப்பு வேண்டும். நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த மலையில் ஒரு செண்டு நிலம் இல்லை என்பதும் உண்மை. மீட்டெடுக்கும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம் என்ற யோசனை எனக்கு நியாயமாகப் படுகிறது. காட்டைக் காப்பாற்றிய பெருமை ஒரு பக்கமும் அதன் விலை முழுவதும் தொழிலாளி பக்கமும் போய்விடக் கூடாது.

எங்கள் பள்ளியிலிருந்து வந்து மரம் நடலாமா? விதைப்பந்து எறியலாமா?

காப்பகத்துக்குள் வேண்டாம். எந்த விதை எங்கே விழ வேண்டும் என்பதை இருவாச்சியும் மந்தியும் பார்த்துக்கொள்ளும். நல்லெண்ணத்தில் வெளியூர் மரத்தைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவே சாட்சி. வரையாட்டுக்காகக் காக்கப்படும் புல்வெளி அது. அங்கே பரவிய சீகை (வாட்டில்) மரங்களை இப்போது வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் மரத்தைக் காப்பது கடமை, இன்னோரிடத்தில் வெட்டுவது கடமை. நட ஆசை இருந்தால் உங்கள் ஊர்க் குளத்தங்கரை காத்திருக்கிறது.

எல்லாச் சரணாலயத்திலும் மனிதரை வெளியே நிறுத்துவதுதான் முறையா?

இல்லவே இல்லை. நமது மாவட்டத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. 1994 முதல் பறவைகள் சரணாலயம். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்தில் மட்டுமல்ல, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவை மிரளும் என்று ஊரார் வெடி வெடிப்பதில்லை. அங்கே மக்களை வெளியேற்றினால் காவலே போய்விடும். அங்கே வனத்துறை செய்ய வேண்டிய முக்கிய வேலை, குளத்துக்கு நேரத்தில் தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்துக்கொள்வது. அந்தத் தண்ணீரிலும் ஒரு பங்கு மணிமுத்தாறு அணையிலிருந்து வருகிறது.

கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வந்தால் யாரிடம் போவது?

அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். கால்நடையோ பயிரோ சேதமானால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் சான்றுடன் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். சேதமான மறுநாளே கொடுத்துவிடுவது நல்லது. பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுக்குள் விடுவது மட்டும் தீர்வல்ல. ஊர் ஓரத்தில் கொட்டும் கோழிக்கழிவும் திரியும் நாய்களும் இருக்கும்வரை இன்னொரு சிறுத்தை வரும்.

சாவடியில் எதையெல்லாம் அனுமதிக்க மாட்டார்கள்?

தீப்பெட்டி, மது, ஒருமுறை பயன்படுத்தும் நெகிழி, ஒலிபெருக்கி, ஆயுதம். குரங்குக்குப் போட என்று வாங்கிய பொரிகடலையையும் வாங்கி வைப்பார்கள். மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மாஞ்சோலைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மணிமுத்தாறு சாவடி வரை வந்துவிட்டு அங்கே நின்று தொலைபேசியில் யாரையாவது பிடித்துப் பார்ப்பதில் அரை நாள் போய்விடும்.